கைக்கு வந்தது இவ்வளவுதானா?

வாசகர் கேள்வி – பதில்: சம்பளச் சீட்டு

சம்பளச் சீட்டைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாருக்குக் கிழக்கே இருந்தும் மேற்கே இருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சீட்டையே நகல் எடுத்து, புரியாத வரியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து அனுப்பியவர்களும் உண்டு. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சம்பள நாளன்று ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு நிதானமாகச் சொல்ல நேரமே கிடைக்காது. அந்தக் குறை இப்போது தீர்வதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கீழே வரும் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டு விதிகளின்படி.

கேள்வி: அக்கா, டிப்ளமோ முடித்துவிட்டு ஜூன் 1-ஆம் தேதி கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வேலை உத்தரவில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று இருந்தது. மாதம் முப்பதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வங்கியில் ஏறியது 24,928 ரூபாய். ஆகஸ்டில் அதுவும் குறைந்து 23,928. வருமான வரி பிடிக்கிறார்கள் என்கிறார் அப்பா. கம்பெனி ஏமாற்றுகிறது என்கிறான் நண்பன். சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: யாரும் ஏமாற்றவில்லை தம்பி. அப்பாவிடமும் சொல்லுங்கள், உங்களுக்கு வருமான வரி ஒரு பைசா கூடப் பிடிக்கவில்லை. உங்கள் ஆண்டுச் சம்பளத்துக்கு அது வரவும் வராது.

நீங்கள் பார்த்த 3,60,000 என்பது சி.டி.சி. அதாவது, உங்களை வேலைக்கு வைத்திருப்பதற்குக் கம்பெனிக்கு ஆண்டில் ஆகும் மொத்தச் செலவு. அதைப் பன்னிரண்டால் வகுத்து அதுதான் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை உத்தரவோடு ஒரு இணைப்புத் தாள் தந்திருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். உங்கள் சீட்டை வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படித்தான் இருக்க வேண்டும்.

மாதம் 30,000-இல் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800. பி.எஃப். சார்ந்த காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் 150. கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) ஒதுக்குவது 722. இந்த மூன்றும் சேர்ந்து 2,672 ரூபாய். இது சீட்டுக்குள் வருவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. மிச்சம் 27,328. சீட்டின் இடப்பக்கம் மொத்தச் சம்பளம் என்று இருப்பது இந்த எண்தான்: அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, வீட்டு வாடகைப் படி 6,000, இதர படி 6,328.

இனி வலப்பக்கம். உங்கள் பங்கு பி.எஃப். 1,800. அது அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். நீங்கள் சிவப்பில் சுழித்திருக்கும் 600 ரூபாய் கேன்டீன். இரண்டும் போனால் 24,928. ஜூன், ஜூலை கணக்கு சரியாகிவிட்டதா?

ஆகஸ்டில் குறைந்த ஆயிரம் ரூபாய் தொழில் வரி. வருமான வரி டெல்லிக்குப் போவது. தொழில் வரி நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் உள்ளாட்சிக்குப் போவது. கஞ்சிக்கோடு என்றால் புதுச்சேரி பஞ்சாயத்து (பாலக்காட்டுப் பக்கத்துப் புதுச்சேரியைச் சொல்கிறேன்). கேரளத்தில் இதை அரையாண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் பிடிப்பார்கள். நீங்கள் ஜூனில் சேர்ந்ததால் செப்டம்பர் முடிய நான்கு மாதச் சம்பளம், 1,09,312 ரூபாய். அரையாண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் 1,25,000-க்குள் இருந்தால் வரி 1,000. அடுத்த அரையாண்டில் முழு ஆறு மாதச் சம்பளமும் சேர்ந்து 1,25,000-ஐத் தாண்டிவிடும். அப்போது வரி 1,250. எனவே பிப்ரவரியில் 23,678 வரும். இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் பதற வேண்டாம்.

இதில் எது போன பணம், எது உங்கள் பணம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் 1,800 முழுக்க உங்களுடையது. கம்பெனி தரும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், 550 உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். "இரண்டு பேரும் கட்டுகிறோம், பாஸ்புக்கில் 3,600 ஏறவில்லையே" என்று பலர் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். 2,350 ஏறினால் சரி. ஆண்டுக்கு 28,200. 2024-25-க்கு அதற்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். இருபது வயதில் இப்படி ஒரு சேமிப்பு தானாக வளர்வது சாதாரண விஷயம் இல்லை. அந்த 150-இல் பாதி காப்பீட்டுக்குப் போகிறது. வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்க வழி செய்யும் காப்பீடு அது. இன்றைக்கே அம்மா அல்லது அப்பா பெயரை பி.எஃப். கணக்கில் நாமினியாகப் பதிந்துவிடுங்கள்.

கிராஜுவிட்டி மட்டும் வேறு மாதிரி. ஐந்தாண்டு சேவை முடிந்தால்தான் அது உங்கள் கைக்கு வரும். கடைசியாக வாங்கிய அடிப்படையையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கான தொகை. உங்கள் 15,000-க்கு அது 8,654 ரூபாய். மூன்றாவது வருடமே வேறு கம்பெனிக்குப் போனால் மாதம் 722 என்று தாளில் இருந்தது தாளோடு நின்றுவிடும். அதனால் அடுத்த முறை யாராவது சி.டி.சி. சொல்லி அழைத்தால், "அடிப்படை எவ்வளவு, மாதம் கைக்கு எவ்வளவு" என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். சம்பளப் பிரிவில் இருக்கிறவர்களுக்கு அது அரை நிமிட வேலை.

கேள்வி: ஆரம்பாக்கத்தில் குடியிருக்கிறேன், ஸ்ரீசிட்டியில் வேலை. மாதாமாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடிக்கிறார்கள். பாலக்காட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர், தனக்கு மாதாமாதம் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார். நான் தமிழ்நாட்டுக்காரன்தானே, ஆந்திராவுக்கு ஏன் கட்ட வேண்டும்?
– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: குடியிருக்கும் ஊர் இதற்குக் கணக்கில்லை, வேலை பார்க்கும் ஊர்தான் கணக்கு. ஆந்திரத்தில் மாதச் சம்பளம் 15,000-ஐத் தாண்டினால் 150, இருபதாயிரத்தைத் தாண்டினால் 200 என்று மாதாமாதம் பிடிப்பது வழக்கம். ஆண்டுக்கு 2,400. உங்கள் மைத்துனருக்கும் பிடிக்கிறார்கள், ஆனால் ஆண்டுக்கு இரண்டே முறை. ஆகஸ்டுச் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி விதிக்க அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு இடம் தரவில்லை.

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 14 லட்சம், கம்பெனி பங்கையெல்லாம் சேர்க்காமல். பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை வரி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மிச்சம் இருக்கும் 1,25,000-க்கு மட்டும்தானே வரி வர வேண்டும்? மாதம் 6,825 பிடிக்கிறார்கள். பழைய வரி முறைக்கு மாறிவிட்டால் குறையுமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: நன்றாகப் படித்தவர்களே அதிகம் கேட்கும் கேள்வி இது. செய்தியில் சொன்ன விதம் அப்படி, உங்கள்மேல் குறை இல்லை. பன்னிரண்டே முக்கால் லட்சம் என்பது அந்தக் கோட்டுக்குள் நிற்கிறவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி. அதைத் தாண்டிவிட்டால் வரி 4 லட்சத்தில் இருந்தே தொடங்குகிறது.

புதிய வரி முறையில், உங்கள் 14,00,000-இல் நிலையான கழிவு 75,000 போனால் 13,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மேலே இருக்கும் 1,25,000-க்கு 15 சதவீதம், 18,750. கூட்டினால் 78,750. அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் தீர்வை 4 சதவீதம், 3,150. ஆக 81,900. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், சீட்டில் இருக்கும் 6,825 வந்துவிடும். உங்கள் கம்பெனியின் கணக்கு துல்லியமாக இருக்கிறது.

கோட்டைக் கொஞ்சமாகத் தாண்டுகிறவர்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் என்று ஒரு சலுகை உண்டு. 13 லட்சம் சம்பளக்காரருக்குக் கழிவு போக 12,25,000. அட்டவணைப்படி வரி 63,750. ஆனால் அவர் 12 லட்சத்தைத் தாண்டியது 25,000 மட்டும், அதனால் வரி 25,000-ஐத் தாண்டக் கூடாது. செஸ்ஸோடு 26,000 கட்டினால் போதும். நீங்கள் தாண்டியது 1,25,000. அட்டவணை வரியே அதைவிடக் குறைவு, அதனால் சலுகைக்கு வேலை இல்லை.

பழைய முறையைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே 5 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். அதில் இதே 78,750-க்கு வரியை இறக்க வேண்டுமானால் வரிக்குரிய வருமானம் 8,31,250 ஆக வேண்டும். அதாவது 5,68,750 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். நிலையான கழிவு 50,000, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து 80சி என்ற சேமிப்புக் கழிவில் அதிகபட்சம் 1,50,000. மீதி மூன்றரை லட்சத்துக்கு மேல் வீட்டு வாடகையும் வீட்டுக்கடன் வட்டியும் இருந்தால்தான் முடியும். மீனாட்சிபுரத்தில் சொந்த வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் புதிய முறையே நல்லது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, இதை மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கம்பெனி தன் பங்காக உங்கள் பெயரில் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கட்டினால், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. உங்கள் அடிப்படை மாதம் 50,000 என்று வைத்துக்கொண்டால் 7,000, ஆண்டுக்கு 84,000. உங்கள் இதர படியில் இருந்து அதை மாற்றித் தரச் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் வரிக்குரிய வருமானம் 12,41,000 ஆகிறது, அங்கே மார்ஜினல் ரிலீஃப் வேலை செய்ய ஆரம்பிக்கிறது! வரி 41,000, செஸ் 1,640. மொத்தம் 42,640. வரியில் மட்டும் 39,260 ரூபாய் மிச்சம். கைக்கு வருவது மாதம் சுமார் 3,700 ரூபாய் குறையும், பதிலுக்கு 84,000 ரூபாய் ஓய்வுக்காலக் கணக்கில் சேரும். இடையில் நினைத்தபடி எடுக்கக்கூடிய பணம் இல்லை அது. தங்கை கல்யாணம், வீட்டு மராமத்து என்று இரண்டு மூன்று வருடத்தில் செலவு காத்திருந்தால் இதில் இறங்காதீர்கள். அப்படி நெருக்கடி எதுவும் இல்லையென்றால் நான் தயங்காமல் செய்யச் சொல்வேன்.

கேள்வி: உணவுப் பொருள் தயாரிக்கும் யூனிட்டில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். 20,400 ஆக இருந்த சம்பளம் ஜூனில் 21,600 ஆனது. 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது என்கிறார்கள். ஆனால் இன்னும் மாதம் 162 ரூபாய் பிடிக்கிறார்கள். எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்துவார்கள் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். இரண்டாவது பிரசவத்துக்கு டிசம்பர் முதல் வாரம் தேதி சொல்லியிருக்கிறார்கள், இப்போது ஒவ்வொரு ரூபாயும் முக்கியம். எழுதித் தரட்டுமா அக்கா?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: எழுதித் தராதீர்கள் அம்மா. இந்த இதழில் வேறு எந்தப் பதிலையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தே ஆக வேண்டும். அதுவும் புதிய சம்பளம் முழுவதற்கும். 21,600-க்கு முக்கால் சதவீதம் 162. அதே சம்பளத்துக்கு உங்கள் யூனிட் கட்டுவது மூன்றேகால் சதவீதம், 702 ரூபாய். நிறுத்தினால் யாருக்கு அதிக மிச்சம் என்று நீங்களே பாருங்கள்.

உங்கள் பிரசவம் டிசம்பரில். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பலன் காலத்துக்குச் சென்ற அக்டோபர் முதல் இந்த மார்ச் வரை கட்டிய சந்தாதான் ஆதாரம். அதற்கு முந்தைய காலத்தையும் சேர்த்துக் கொள்வார்கள். அந்தக் காலங்களில் 70 நாள் சந்தா போயிருந்தால் 26 வாரப் பிரசவ கால உதவி, முழுச் சம்பள விகிதத்தில். மாதம் 20,400 என்ற பழைய சம்பளத்தில் பார்த்தாலும் 1,22,000 ரூபாய் வாக்கில் வரும். அப்புறம், இந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்கள் கட்டுகிற 162, வரும் ஜனவரி முதல் ஜூன் வரை உங்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியத்துக்கு உதவும். அக்டோபரில் பிடித்தம் தானாக நின்றுவிடும், பலன் ஜூன் வரை நிற்கும்.

இன்னும் ஒன்று. பிரசவத்துக்கு அம்மா வீடு கிணத்துக்கடவு போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே எந்த இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பார்க்கலாம் என்பதை உங்கள் மருந்தகத்தில் இப்போதே கேட்டு, தேவையான தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கென்று தனி மருந்தகம் குறிக்கவும் பதிவில் இடம் இருக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு, இ.எஸ்.ஐ. எண் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் கேரள ஆவணத்தில் ஒரு இனிஷியல், தமிழ்நாட்டு ஆவணத்தில் வேறு இனிஷியல் என்று மாட்டிக்கொண்டு அலைந்த பெண்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: சித்தூர் தாலுகாவில் அரசுப் பள்ளியில் தமிழ் வழி ஆசிரியை. 2013-க்குப் பிறகு சேர்ந்தவள். என்.பி.எஸ்., எஸ்.எல்.ஐ. (ஆயுள் காப்பீடு), ஜி.ஐ.எஸ். (குழுக் காப்பீடு), மெடிசெப் (மருத்துவக் காப்பீடு) எல்லாம் போகத்தான் சம்பளம் வருகிறது. உடன் வேலை பார்க்கும் டீச்சர் சிட்டி (சீட்டு நிதி) எடுத்திருக்கிறார், என் சம்பளச் சான்றிதழை ஜாமீனாகக் கேட்கிறார். கையெழுத்துப் போட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்களா?
– வாசகி, சித்தூர் தாலுகா

பதில்: அவர் ஒழுங்காகக் கட்டும்வரை ஒரு ரூபாய் கூடப் பிடிக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் உங்கள் சம்பளத்தில் இருந்து பிடிக்க முடியும், அதற்காகத்தான் சான்றிதழையே கேட்கிறார்கள். இன்னொரு விளைவும் உண்டு. ஒரு சான்றிதழ் ஒரு பொறுப்புக்குப் போய்விட்டால், நாளைக்கு உங்கள் வீட்டுத் தேவைக்கு நீங்களே சிட்டி எடுக்கும்போது உங்கள் சம்பளத்தின் மதிப்பில் அந்தப் பொறுப்பைக் கழித்துத்தான் பார்ப்பார்கள்.

நட்பைக் கெடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய பாக்கித் தவணை எத்தனை, மாதம் எவ்வளவு, இன்னொரு ஜாமீன்தாரர் யார் என்று நேராகக் கேளுங்கள். அந்தத் தவணையை உங்கள் சம்பளத்தில் கழித்து எழுதிப் பாருங்கள். ஓணம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதன் தவணையும் வரும் மாதங்களில் போகும், அதையும் சேர்த்துக் கழியுங்கள். மிச்சத்தில் வீடு நடக்குமானால் போடுங்கள். நடக்காதென்றால் அந்தத் தாளையே அவரிடம் காட்டுங்கள், நல்ல தோழி புரிந்துகொள்வார்.

உங்கள் என்.பி.எஸ். பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 10 சதவீதத்துக்குப் புதிய வரி முறையில் கழிவு இல்லை. அரசு தரும் பங்குக்குத்தான் கழிவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வரியைக் குறைத்துக் கணக்கிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு கம்பெனியில் மாதம் 90,000. ஜூலையில் வேறு கம்பெனிக்கு மாறி இப்போது 1,20,000. இரண்டு இடத்திலும் வருமான வரி பிடிக்கவில்லை. நல்லதுதானே?
– வாசகர், எலப்புள்ளி

பதில்: இப்போதைக்கு நல்லது போலத் தெரியும். பழைய கம்பெனி 90,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கி 10,80,000 என்று பார்த்தது, வரி இல்லை. புதிய கம்பெனி ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு 10,80,000 என்று பார்க்கிறது, அங்கேயும் வரி இல்லை. உங்கள் உண்மையான ஆண்டு வருமானம் 2,70,000-ஐயும் சேர்த்து 13,50,000. கழிவு போக 12,75,000. வரி 71,250, செஸ் 2,850. மொத்தம் 74,100 ரூபாய்.

இதை யாரும் கேட்காமல் விட்டுவிட மாட்டார்கள். இரண்டு கம்பெனியும் கொடுத்த சம்பளம் உங்கள் பான் எண்ணின் கீழ் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் (ஏ.ஐ.எஸ்.) வந்துவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்டினால் வட்டியும் சேரும். பழைய கம்பெனியின் மூன்று மாதச் சீட்டையும் இந்த வாரமே புதிய சம்பளப் பிரிவில் கொடுத்து, "முந்தைய வருமானத்தைச் சேர்த்து டி.டி.எஸ். போடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் 12,350 பிடிப்பார்கள். வலிக்கும்தான். ஜூலையில் 74,100-ஐ ஒரே நாளில் புரட்டுவதைவிட இது மேல்.

பழைய பி.எஃப்.-ஐ எடுத்துச் செலவழித்துவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்தாண்டுத் தொடர் சேவை முடிவதற்குள் எடுத்தால் அதற்கு வரி உண்டு, 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடித்தே தருவார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும், ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகளும் போய்விடும்.

கேள்வி: என் மகள் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறாள். சீட்டில் பி.எஃப். 1,440 என்று மாதாமாதம் பிடிக்கிறார்கள். அவள் ஃபோனுக்கு ஒரு செய்தியும் வந்ததில்லை. கேட்டால் "வரும், வரும்" என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், கோவிந்தாபுரம்

பதில்: முதலில் அவளுக்கு யு.ஏ.என். எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதோடு பதிந்த கைபேசியில் இருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் செய்தியாக வரும். மத்திய அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கே பார்க்கலாம். ஒரு மாதப் பிடித்தத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியிருக்க வேண்டும். ஆகஸ்டுப் பணம் செப்டம்பர் 15-க்குள். கட்டியதும் பாஸ்புக்கில் ஏறச் சில நாள் ஆகலாம், மாதக்கணக்கில் ஆகாது.

யு.ஏ.என். எண்ணே இல்லை அல்லது பாஸ்புக் காலியாக இருக்கிறது என்றால், இனி ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். சம்பளம் வங்கியில் ஏறிய பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். முதலில் ஆலையில் எழுத்தில் கேட்கட்டும். பதில் வராவிட்டால் பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் புகார் பதியலாம், வட்டார அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். ஊழியரிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடி. "வரும், வரும்" என்று இழுக்கிறவர்களில் பலர் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் கட்டிவிடுவார்கள். புகாரில் மகளின் பெயரும், இருந்தால் யு.ஏ.என். எண்ணும் இருக்கட்டும். போகும்போது நீங்களும் கூடப் போங்கள் அம்மா.